கரிசலில் ஒளிந்து தேடலாகாது

ஜியோகேச்சிங் என்னும் இடந்தேடும் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர், பிறர் கண்ணில் படாமல் தேடுவதையும் பிறர் கண்ணில் படாமல் திரும்ப வைப்பதையுமே தங்கள் ஒழுக்கத்தின் முதல் விதியாகக் கொண்டுள்ளனர். புதிதாகச் சேர்பவருக்கு மூத்தவர் சொல்லித்தரும் அறிவுரைகளுள் இதுவே முன்னிற்கிறது. அடர்ந்த காடும் பெரும் பூங்காவும், ஒருவரை ஒருவர் அறியாத நகரத் தெருவும் உள்ள நாடுகளில் இவ்விதிக்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை என விரியும் கரிசல் மானாவாரி நிலத்தில் இவ்விதியைப் பின்பற்ற இயலாது. பின்பற்ற முயன்றால் தேடுபவருக்கும் ஊராருக்கும் கேடு விளையும். அந்நிலத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான விதி.

விளையாட்டின் அமைப்பு எளியது. ஒருவர் சிறு பெட்டி ஒன்றில் குறிப்பேட்டையும் சில்லறைப் பொருள்கள் சிலவற்றையும் இட்டு ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியுடனோ கைப்பேசியுடனோ அங்கே சென்று பெட்டியைக் கண்டெடுத்து, ஏட்டில் பெயரும் தேதியும் எழுதி, ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு வருகின்றனர். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியபோதுதான் இது இயலக்கூடியதாயிற்று. அதன்பின் ஓரிரு நாளிலேயே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் ஊருக்கு அருகே ஒரு வாளியை வைத்து அதன் இட எண்களை அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கெனத் தனி இணையதளம் தொடங்கினார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இவ்விளையாட்டை அறியாத வெளியாரை, ஜே. கே. ரௌலிங்கின் நாவல்களில் மந்திரம் அறியாத சாதாரண மனிதருக்கு வழங்கும் ‘மக்கிள்’ என்ற பெயராலேயே ஆட்டக்காரர்கள் குறிக்கின்றனர். மக்கிள்கள் இருக்கும் வேளையில் காத்திருக்க வேண்டும், அவர்கள் போனபின் எடுக்க வேண்டும், எவரேனும் கேட்டால் பறவை பார்ப்பதாகவோ தொலைத்த பொருளைத் தேடுவதாகவோ சொல்லி நழுவ வேண்டும் என்பன போன்ற உத்திகள் ஆட்டக்காரரிடையே சாதாரணமாக வழங்குபவை.

இக்கொள்கையின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியார் கண்ணில் பட்ட பெட்டி களவு போகிறது, அல்லது குப்பையென்று வீசப்படுகிறது. வைத்தவரின் உழைப்பு வீணாவதோடு, பல மைல் கடந்து வரும் அடுத்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேர்கிறது. ஆகவே மறைவைக் காப்பது, பின்னால் வருவோர்க்குச் செய்யும் மரியாதை என்று அவர்கள் வாதிடுகின்றனர். இவ்வாதம் இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது: அவ்விடத்தில் மனிதர் எப்போதாவது மட்டுமே வருவர் என்பது ஒன்று, வருகிறவருக்கும் அவ்விடத்துக்கும் உறவு ஏதுமில்லை, அவர் வழிப்போக்கரே என்பது மற்றொன்று. கரிசலில் இவ்விரண்டும் பொய்க்கின்றன.

நிலத்தின் தோற்றத்திலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ 9 பாகை 10 கலை வடக்கிலும் 77 பாகை 52 கலை கிழக்கிலும் அமைந்த கோவில்பட்டியைச் சுற்றிய சமவெளியில் உடையும் வேம்பும் பனையும் தனித்தனியாக நிற்கின்றனவேயன்றிப் பார்வையை மறைக்கும் காடு இல்லை. வானம் மறைவின்றித் திறந்திருப்பதால் செயற்கைக்கோள் குறிகை இங்கே தடையின்றிக் கிடைக்கிறது. சாதாரணக் கைப்பேசியும் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டிவிடும். ஆட்டக்காரர்கள் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதும் எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் மாறும். ஆகவே கருவி கொண்டுசேர்த்தபின்னும் கடைசி ஐந்தாறு மீட்டரைக் கண்ணாலும் கையாலும் துழாவித்தான் தீர வேண்டும். அப்படிக் குனிந்தும் நிமிர்ந்தும் வட்டமிடும் ஓர் அந்நியரை அடுத்த பொழியில், அதாவது வரப்பில், நிற்கும் சம்சாரி எனப்படும் உழவரும், கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவரும், வண்டிப் பாதையில் வருபவரும் ஒரே நேரத்தில் காண்கின்றனர். கருவிக்கு இத்தனை வசதியான வெளி, ஒளிந்து தேடுபவருக்கு மட்டும் ஒரு மறைவும் தருவதில்லை.

கண்டவர் சும்மா போவதுமில்லை. “எந்த ஊரு? யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்ற கேள்வி கரிசல் கிராமத்தில் பகையால் எழுவதன்று, தன் எல்லைக்குள் நடமாடுபவர் யார் என்று அறிந்துகொள்ள ஊர் வைத்திருக்கும் முறை அது. நேராகப் பதில் சொன்னவருக்கு அடுத்த நொடியே தண்ணீர்ச் செம்பு வரும். பறவை பார்க்க வந்ததாகச் சொல்லிக் கையில் தொலைநோக்கி கூட இல்லாமல் விழிப்பவர் ஆடு திருடவோ, பம்புசெட் வயரை அறுக்கவோ, ஓடை மணலுக்கு நோட்டம் பார்க்கவோ, புதையல் தோண்டவோ வந்தவராகவே கொள்ளப்படுவார். கடைசி ஐயம் நகைப்புக்குரியதும் அன்று. மண்ணில் மறைந்துள்ள எந்த மதிப்புள்ள பொருளையும் புதையல் என்று வரையறுத்து, பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் நெடுங்காலமாக நடப்பில் இருந்துவந்திருக்கிறது. அந்நியரின் கையில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் இருந்துவிட்டால் நிலைமை மேலும் சிக்கலாகும். இடங்காட்டும் குறிகையைப் பெறுவதற்குத் தடையில்லை, ஆனால் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியை உரிய அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். மலையேற்றத்துக்கு அதை வாங்கியவர் இங்கே அதை வீட்டிலேயே விட்டு வருவது நல்லது.

‘ஆனாலும் வெறும் பொட்டல்தானே, அங்கே யாருக்கு என்ன இடைஞ்சல்’ என்ற எண்ணம் ஆட்டக்காரரிடம் மட்டுமின்றி, நெடுஞ்சாலையில் பேருந்து சன்னல் வழியே இந்நிலத்தைக் காணும் பலரிடமும் உண்டு. ஒளிவு விதிக்கு அடியில் கிடப்பது இவ்வெண்ணமே ஆதலால் இதைச் சற்று விரிவாக மறுக்க வேண்டியுள்ளது. சித்திரையில் ஆண்டின் முதல் ஏரான பொன்னேர் பூட்டியதும் இந்நிலத்தின் ஆண்டு தொடங்கிவிடுகிறது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் உழவு. உழாத புஞ்சையில் எருவுக்காக ஆட்டுக் கிடை. ஆவணி கழிந்து புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையை இட்டு மூடி மழைக்குக் காத்திருப்பது இங்குள்ள மானாவாரிச் சம்சாரியின் துணிச்சலான வழக்கம். முன்பருவ விதைப்பு எனப்படும் இம்முறை, 1901-இல் தொடங்கப்பட்டு மானாவாரி வேளாண்மைக்கென்றே உழைத்துவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் பரிந்துரைப்பது. அப்போது நிலத்தைப் பார்ப்பவருக்கு ஒரு பச்சைப் புல்லும் தென்படாது. ஆனால் அந்த ஆண்டுக்கான முதலீடு முழுவதும் அந்த மண்ணுக்குள்ளேதான் கிடக்கிறது. பெட்டி தேடி ஒருவர் குறுக்கே நடந்தால் விதைச்சால் கலைகிறது, மூடிய விதை வெளிவந்து எறும்புக்கும் குருவிக்கும் போகிறது. மழை விழுந்தபின் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் பருத்தியும் மிளகாயும் கொத்தமல்லியும் எழுந்து தை, மாசி வரை நிற்கின்றன. ஈரக் கரிசலில் ஒவ்வோர் அடியும் செருப்போடு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, பின்னால் இறுகிய குழியை விட்டுச் செல்கிறது. வெறுமை என்று வழிப்போக்கர் காண்பது, காத்திருக்கும் உழைப்பைத்தான்.

பட்டா நிலம் போகட்டும், புறம்போக்கு இருக்கிறதே என்ற மறுப்பும் நில்லாது. வருவாய்த்துறைக் கணக்கில் புலஎண் இல்லாத துண்டு நிலம் எதுவும் கிராமத்தில் இல்லை. புறம்போக்கு என்பது உரிமையாளர் அற்ற நிலமன்று; மேய்ச்சலுக்கும் களத்துக்கும் மயானத்துக்கும் ஊருணிக்கும் பாதைக்கும் எனப் பொதுவில் ஒதுக்கப்பட்ட நிலம். தனியார் நிலத்தில் ஒருவரிடம் கேட்டால் போதும் என்றால், இங்கே பலரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. பல ஊர்களில் குடிநீர் ஊருணியின் கரைக்குள் செருப்புடன் இறங்குவதையே பொறுக்கமாட்டார்கள். அக்கரையின் கல்லிடுக்கில் பிளாஸ்டிக் டப்பாவைச் செருகுவதை எப்படிப் பொறுப்பர்? அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் உரிய மரத்தடியில், ஊரார் கும்பிடும் கல்லுக்குப் பின்னால் எவரோ எதையோ ஒளித்துவைத்ததாகத் தெரிந்தால், அது செய்வினை என்ற பேச்சாக மாறி ஊரில் பகை மூட்டவும் கூடும்.

ஒளிவு விதி மிகக் கொடிதாக மாறும் இடம் சீமைக்கருவேலம் புதர்தான். ஊரை ஒட்டி வேலி போல் மண்டிய இப்புதரே இச்சமவெளியில் பெட்டி மறைக்க ஏற்ற ஒரே இடமாக அந்நியர் கண்ணுக்குத் தோன்றும். கழிப்பறை இல்லாத வீடுகளிலும், கழிப்பறை இருந்தும் தண்ணீர் இல்லாத வீடுகளிலும் உள்ள பெண்கள் விடியலிலும் அந்தியிலும் ஒதுங்கும் மறைவும் அதுவே. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் புதருக்குள் நுழைந்து, ஆள் வந்தால் அசையாமல் நின்று, போனபின் வெளியே வா என்று ஆட்டத்தின் கையேடு சொல்வதை அப்படியே கைக்கொள்ளும் ஓர் ஆண், அப்பெண்களுக்கு எவ்வாறு தோன்றுவான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களது அச்சம் முழுவதும் நியாயமானது; அவ்விடத்தில் பிடிபட்டவர் ஏட்டையும் பேனாவையும் காட்டி விளக்கம் சொல்லிப் பயனும் இல்லை. எவ்வளவு நாகரிகமானவராயினும், அம்மறைவுக்குள் ஒரு பெட்டியை வைத்த மாத்திரத்திலேயே அவர் பிறரையும் அங்கே வரவழைத்துவிடுகிறார்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்றது என்பதும் இங்கே கருதத்தக்கது. வெடிமருந்து விபத்துகளின் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாழும் மக்கள், வேலியோரத்தில் மூடி இறுக்கிய தகரப் பெட்டியைக் கண்டால் அதை விளையாட்டுப் பொருளென்று எண்ண வழியில்லை. ஆட்டக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும் பெட்டிகளுள் பழைய இராணுவத் தோட்டாப் பெட்டியும் ஒன்று என்பது நிலைமையை மேலும் கெடுக்கும். பட்டாசு ஆலையே இல்லாத இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011-இல், பெட்டியைக் கையாண்ட ஒருவரின் ஒளிவான நடத்தையைக் கண்டு ஐயுற்றவர் தகவல் தர, இராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து அப்பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே அச்சத்தை விளைவித்தது பெட்டியைவிட அந்த ஒளிவு நடத்தையே. அருகிலிருந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவை அடைத்திருக்க வேண்டியதில்லை.

மனிதரை விட்டு மண்ணைப் பார்த்தாலும் ஒளித்துவைக்கும் கலை இங்கே தோற்கிறது. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள களி, நீரை உறிஞ்சியதும் உப்பி, காய்ந்ததும் சுருங்கும் இயல்புடையது. அதனால் கோடையில் முழங்கால் ஆழத்துக்கும் மேலாகப் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, மேல்மண் உள்ளே விழுந்து அடிமண் மெல்ல மேலே தள்ளப்படுகிறது. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது என்பது ஆட்டத்தின் உறுதியான விதிகளுள் ஒன்று. கரிசலிலோ தரையின்மேல் வைத்ததையும் மண்ணே விழுங்கிக்கொள்ளும். வைகாசியில் வெடிப்போரம் வைத்த டப்பா ஐப்பசி மழைக்குப்பின் இருந்த இடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கல் குவியலில் செருகலாம் என்றால், சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் தங்குமிடம் அது. இடுக்குக்குள் கைவிட்டுத் துழாவு என்னும் பொது அறிவுரை இங்கே உயிருக்கு ஆபத்தானது. நீண்ட கோலால் தட்டிப் பார்த்து, காலுக்கு மூடிய செருப்பணிந்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் தேட வேண்டும் என்றாலே ஒளிவு போய்விடுகிறது.

இவ்வளவுக்கும் பின்னர் எழக்கூடிய வலிமையான எதிர்வாதம், மறைவு இல்லையேல் ஆட்டமே இல்லை என்பது. இங்கேதான் இரண்டு வேறான மறைவுகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தேடுபவருக்குப் பெட்டி இருக்குமிடம் தெரியாதிருப்பது ஒன்று. நிலத்துக்குரியவருக்கும் ஊராருக்கும் அது தெரியாதிருப்பது மற்றொன்று. ஆட்டத்தின் இன்பம் முழுவதும் முன்னதிலிருந்து மட்டுமே பிறக்கிறது. பின்னதை நீக்கினால் அவ்வின்பத்தில் எள்ளளவும் குறையாது. ஜெரமி ஐரிஷ் தொடங்கிய இணையதளத்தின் விதிகளே நில உரிமையாளரின் அனுமதியைக் கேட்கின்றன. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் விட வேண்டும் என்பதையும், தொடர்ந்து பராமரிக்க வழியின்றிச் சுற்றுலா வந்த இடத்தில் பெட்டி வைக்கலாகாது என்பதையும் அவை வற்புறுத்துகின்றன. அனுமதி பெற்ற பெட்டி உரியவருக்கு இரகசியமாக இருக்க முடியாது. ஆயினும் நடைமுறையில், தடை சொல்ல எவரும் எதிரில் வராததையே அனுமதியாகக் கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒளிவு விதி அப்பழக்கத்துக்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டித் தருகிறது.

ஊராரிடம் சொன்னால் பெட்டி களவு போகும் என்ற அச்சத்துக்கும் இதிலேயே விடை உண்டு. இன்னதென்று தெரியாத பொருளைத்தான் சிறுவர் உடைக்கின்றனர், பெரியவர் வீசுகின்றனர். பெட்டியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் அது என்ன, யார் வைத்தது, யாரிடம் கேட்டு வைத்தது என்று எழுதி, உள்ளே கண்ணாடிப் புட்டியோ தின்பண்டமோ தீப்பெட்டியோ இல்லாமல், ஊர் நடுவே தேநீர்க் கடையிலோ கிளை நூலகத்திலோ பொறுப்பெடுக்க இசைந்த ஒருவரின் பார்வையில் அதை வைத்தால், களவுக்கு இடம் குறையும். வருபவர் அவரிடம் நேராகப் பெட்டியைக் கேட்காமல், ஊரைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை கண்டு அதைச் சொன்னபின் பெற்றுக்கொள்ளும்படி அமைத்தால் தேடலும் கெடாது. கேட்டறிதல் எவ்வளவு பெரிய செல்வத்தைத் தரும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது: இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன், அகராதிகள் கண்டுகொள்ளாத கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகத் தந்தது, அம்மக்களின் பேச்சுக்குக் காதுகொடுத்ததால்தான். மனிதர் போகட்டும் என்று மறைவில் காத்திருப்பவருக்கு அவ்வூரின் எந்தச் சொல்லும் கிடைக்காது.

பெட்டியே வேண்டாத வகைகளும் ஆட்டத்தில் உண்டு. அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையுடன் 2004-இல் தொடங்கிய ‘எர்த்கேச்’ என்பதில், குறித்த இடத்துக்குச் சென்று மண்ணையோ பாறையையோ உற்றுநோக்கி, கேட்ட கேள்விகளுக்கு விடை அனுப்பினால் போதும். வைப்பதும் எடுப்பதும் இல்லை. அதற்கும் அனுமதி வேண்டும், ஆனால் விட்டுச்செல்லும் சுமை ஏதுமில்லை. கரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை. கறுத்த நிறத்தைக் கண்டு இம்மண்ணில் மக்கு மிகுதி என்று நினைப்பவர் பலர். உண்மையில் அங்ககப் பொருளின் அளவு இதில் குறைவு. தக்காணத்தின் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்த வடக்கத்திய கரிசலுக்கு மாறாக, தமிழ்நாட்டின் கரிசல் பெரும்பாலும் இரும்பு செறிந்த நைஸ் வகைப் பாறைகள் வறண்ட காலநிலையில் சிதைந்ததால் உண்டானது என்பர். மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, வெடிப்பின் ஆழத்தைக் கோலால் அளந்து, உரிய சம்சாரியிடம் அந்த வயலின் வெடிப்பு எப்போது மூடும் என்று கேட்டு எழுதச்சொல்லும் ஒரு கேள்வித்தாள், எந்தப் பிளாஸ்டிக் டப்பாவையும்விடக் கூடுதலாகக் கற்பிக்கும். கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடைந்து முற்றுப்பெறாமல் நின்ற வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அங்கே ஒரு சிறு டப்பாவைச் செருகவும் எவருக்கும் உரிமையில்லை. காப்புக்காடான குருமலைக்கும், வெளிமான்களுக்காக 1987-இல் சரணாலயமான வல்லநாட்டுக்கும் இதுவே பொருந்தும்.

கேட்டு வைத்தல் என்பதும் எளிதன்று. கரிசல் கிராமம் ஒரே குரலில் பேசுவதில்லை. தெருக்கள் சாதியால் பிரிந்தவை, மந்தையில் இருப்பவரின் சம்மதம் காலனித் தெருவின் சம்மதம் ஆகாது, ஒரு சமூகத்தார் கும்பிடும் இடத்துக்கு மற்றொரு சமூகத்தார் அனுமதி தர முடியாது. முதலில் கண்ட பெரியவரிடம் தலையாட்டல் பெற்றுக்கொண்டு எல்லாரும் இசைந்ததாக எழுதுவது, கேளாமல் வைப்பதைவிட ஒரு படிதான் மேல். தலித் மக்கள் தடையின்றி வந்துபோக முடியாத கோயில் முற்றமோ கடைத்திண்ணையோ பெட்டிக்குரிய இடமாகக் கூடாது. தேடி வருபவர் எவராயினும் கூச்சமின்றி நிற்கக்கூடிய நூலகம், பள்ளி மதிற்சுவர், பேருந்து நிறுத்தம் போன்ற பொது இடங்களே தகும். அவ்விடங்களுக்குப் பொறுப்பானவரின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, அதை இணையப் பக்கத்தில் தமிழிலும் குறிப்பிட்டு, விதைப்பு மாதங்களில் எந்தப் பாதையில் நடக்கலாம், எதில் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சம்மதம் தந்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். அவ்வாறு கேட்டால் காரணம் வினவாமல் அந்த வாரமே பெட்டியை எடுத்து, பக்கத்தையும் மூடிவிட வேண்டும்.